டீச்சரே அனுப்பியிருக்காங்க

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டால் நாளைக்கு வந்து மீதியைப் படியுங்கள், நான் பரீட்சை வைக்கப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டை ஏற்றிவிட்டு நின்றபோது போன் வந்தது. 1998-ல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இப்போது பெருங்களத்தூரில் இருக்கிறாள். அவள் மகளுக்குப் பதினொரு வயது.

"டீச்சர், ஒரு ஆடியோ வந்திருக்கு. கேட்டீங்களா? பாப்பாவுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி போடலாம்னு டாக்டர் சொன்னாங்க. தேதி கூட வாங்கிட்டேன். இப்ப பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, போடலாமா வேணாமா?"

அந்த ஆடியோவை நான் முதல் நாள் இரவே கேட்டிருந்தேன். ஒரு ஆண் குரல். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. நம் பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காமல் செய்வதற்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் போட்ட திட்டம் இது என்கிறது. நம் ஆட்களே காசு வாங்கிக்கொண்டு உடந்தையாக இருக்கிறார்கள் என்கிறது. கடைசியில், "உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க, நாளைக்கு இதை அழிச்சிடுவாங்க" என்று முடிகிறது.

அதை எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டது என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. நான் உடனே, "இது பொய். இப்படி எல்லாம் அனுப்பாதே" என்று அறுபது பேருக்கு முன்னால் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அவன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான். அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நாற்பது வயது வித்தியாசம் உள்ள பிள்ளையைக்கூட வகுப்பில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அறுபது வயதுத் தம்பியிடம் அதை மறந்துவிட்டேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, என் தப்பு ஒன்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்று தெரிந்தது. 2018-ல் நடந்தது. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதற்கு முன்னால் 2017-ல் இருந்து தொடங்குகிறேன்.

2017 பிப்ரவரி 6. தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கிய நாள். ஒன்பது மாதத்தில் இருந்து பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சுமார் 1.76 கோடி பேருக்குப் போட வேண்டும் என்று திட்டம். பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள். எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது, பட்டியல் தயார் செய்யச் சொன்னார்கள், செய்தோம். ஊசி எதற்கு, ருபெல்லா என்றால் என்ன என்று எங்களுக்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

அதற்குள் வாட்ஸ்அப் சொல்லிவிட்டது. வேறு எந்த மாநிலத்திலும் போடாத ஊசியாம், அமெரிக்காக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறானாம், மலட்டுத்தன்மை வருமாம். இன்றைக்குக் கேட்ட ஆடியோவுக்கும் அன்றைக்குக் கேட்டதற்கும் ஊசியின் பெயர் ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா இறந்திருந்தார். எழுபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் கூடினார்கள். வெளிநாட்டு அமைப்பு நம் மாட்டைப் பறிக்கிறது, வெளிநாட்டுக் குளிர்பானம் நம் தண்ணீரைப் பறிக்கிறது என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. முகாம் தொடங்கிய மறுநாள் இரவு ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்தார். நம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற நினைப்பு காற்றிலேயே இருந்தது. அந்தக் காற்றில்தான் ஊசியைப் பற்றிய ஆடியோவும் வந்தது. நம்பியவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் வகுப்பில் 42 பேர். ஊசி போட வந்த அன்று வந்தவர்கள் 19 பேர். சில பிள்ளைகள் அப்பா அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார்கள். ஒரு அம்மா வாசலிலேயே நின்று என்னைக் கேட்டார். "டீச்சர், உங்க பேரனுக்குப் போடுவீங்களா?"

என் பேரனுக்கு அப்போது நாலு வயது. குரோம்பேட்டையில் என் மகளும் அதே ஆடியோவைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த அம்மாவிடம், "அது உங்க விருப்பம்மா" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவள் சொன்ன பதில் அது.

ஊசி போட வந்த நர்ஸ் அம்மா, பிள்ளைகள் வராததால் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், "உண்மையைச் சொல்லுங்க, இந்த ருபெல்லா என்னதான்?" என்று கேட்டேன். கோபப்படாமல் சொன்னார். தட்டம்மை ஊசி புதிதே இல்லை, 1985-ல் இருந்து நம் நாட்டில் ஒன்பது மாதக் குழந்தைக்குப் போடுகிறோம், இப்போது அதோடு ருபெல்லாவையும் சேர்த்திருக்கிறார்கள் என்றார். பக்கத்துக் கர்நாடகத்திலும் புதுச்சேரியிலும் கோவாவிலும் இதே மாதம் போடுகிறார்கள், ஊசி செய்வது புனேயில் என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது. ருபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, போய்விடும். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு முதல் சில மாதத்தில் வந்தால் வயிற்றில் இருக்கிற குழந்தையைத் தாக்கும். காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரையோடு பிறக்கலாம், இதயத்தில் கோளாறு இருக்கலாம். கரு கலைந்தும் போகலாம்.

அதாவது, நாளைக்கு இந்தப் பெண் பிள்ளைகள் நல்லபடியாகக் குழந்தை பெற வேண்டும் என்பதற்காகவே போடுகிற ஊசி. அதைத்தான் குழந்தை பெறவிடாத ஊசி என்று மாற்றிவிட்டார்கள்.

எனக்குப் பழைய வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு பையன். காது கேட்காது, கண்ணாடி தடிமனாக இருக்கும். முன் பெஞ்சில் உட்கார வைத்து, என் வாயைப் பார்த்து எழுத்துப் படித்தான். அவன் அம்மா ஒரு தடவை சொன்னார், "வயித்துல மூணு மாசம் இருக்கறப்ப எனக்கு அம்மை மாதிரி போட்டுச்சு டீச்சர், வேப்பிலை வச்சு படுத்துக் கிடந்தேன்." அது ருபெல்லாதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு நர்ஸ் அம்மா பேசும்போது அவன் முகம்தான் எதிரில் நின்றது.

அந்த வாரமே பேரனுக்கு ஊசி போட்டோம். மறுநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "என் பேரனுக்குப் போட்டுட்டேன், நேத்து சாயங்காலம் லேசா காய்ச்சல் இருந்துச்சு, இன்னைக்கு ஓடி ஆடிக்கிட்டு இருக்கான்" என்றேன். வாயால் சொன்னது பரவியது. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டித்தார்கள். அதில் இன்னும் 14 பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். ஒன்பது பேர் கடைசி வரை வரவில்லை. முதல் நாளே நான் வாசலில் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன்.

இதில் இருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். டீச்சர் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள். அடுத்த வருஷம் அதை வைத்துத்தான் தப்புச் செய்தேன்.

2018 கோடை விடுமுறை. குழந்தை கடத்துகிறவர்கள் வட மாநிலத்தில் இருந்து கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. என் ஓரகத்தி எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். வேலூர் பக்கம் பிடித்தார்கள், காஞ்சிபுரம் பக்கம் பிடித்தார்கள், அடுத்து நம் ஏரியாதான் என்று இருந்தது. என் வகுப்புப் பெற்றோர் குரூப் ஒன்று இருந்தது, வீட்டுப்பாடம் அனுப்புவதற்காக வைத்தது. லீவில் பிள்ளைகள் தெருவிலேயே விளையாடுமே என்று நினைத்தேன். மேலே என் கையால் "பெற்றோர் கவனத்திற்கு" என்று சேர்த்து அனுப்பினேன். வரி ஒன்றைக்கூடச் சரிபார்க்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்ற திருப்தியோடு தூங்கப் போனேன்.

மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னையில் இருந்து குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே கூடி அடித்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். மற்றவர்களுக்குப் பலத்த காயம். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

பேப்பரில் படித்தேன். ஐயோ பாவம் என்றேன். நான் அனுப்பியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. அவர்கள் அனுப்பியது வதந்தி, நான் அனுப்பியது எச்சரிக்கை. அப்படித்தான் மனசு பிரித்து வைத்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் முடிச்சூர் ரோட்டுப் பக்கம் கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கூட்டம். கரண்ட் கம்பத்தில் சாய்த்து ஒருவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம். "அண்ணா, அண்ணா" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவன் மூட்டை சாக்கடையில் கிடந்தது. அதில் இருந்து பெட்ஷீட்டுகள் வெளியே வந்திருந்தன.

எனக்கு அவனைத் தெரியும். இரண்டு வருஷமாகத் தவணைக்குப் பெட்ஷீட் விற்கிற பையன். பீகாரா, உத்தரப் பிரதேசமா என்று நான் கேட்டதில்லை. நானே அவனிடம் ஒன்று வாங்கியிருந்தேன். 150 ரூபாய் பாக்கி.

"அவன் பெட்ஷீட் விக்கிற பையன்ப்பா, விடுங்க" என்றேன். கூட்டத்தில் இருந்த ஒருவர் திரும்பினார். என் மாணவன் ஒருவனின் அப்பா. கையில் இருந்த போனை உயர்த்தி, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சொன்னார். "டீச்சரே அனுப்பியிருக்காங்க, பாரு."

அந்தத் திரையில் "பெற்றோர் கவனத்திற்கு" என்ற என் எழுத்து இருந்தது.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "அது எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன், உண்மையா என்று எனக்குத் தெரியாது" என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு எழவில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி. ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் போலீசுக்குப் போன் செய்து, அவர்கள் வரும் வரை அந்தப் பையனுக்கு முன்னால் கை விரித்து நின்றார். ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு குரூப்பில் எழுதினேன். "நான் அனுப்பிய செய்தி தவறு. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும்." முதல் செய்தியை எத்தனையோ பேர் எத்தனையோ குரூப்புக்குக் கொண்டுபோனார்கள். மன்னிப்புக்கு இரண்டு கட்டைவிரல் வந்தது. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. பெட்ஷீட் இருக்கிறது. பாக்கியும் இருக்கிறது.

அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவைப் பற்றிப் பிறகு படித்தேன். பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு நம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சில நொடி இருந்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. அந்த வருஷம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. ஒரு கம்பெனிக்குக்கூட நம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இனி தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சந்தேகப்படுவதே தப்பு என்று நான் சொன்னதாக அவன் நினைத்திருப்பான். அப்படி இல்லை. இந்தப் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறோம். அந்தப் பெயர் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1948-ல் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கான ஆய்வுக்கூடம் கிண்டியில் வைத்தார்கள். அந்த ஊசியைப் பலமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? ராஜாஜி. 1955-ல், தான் ஏன் எதிர்க்கிறேன் என்று தன் பெயர் போட்டுப் புத்தகமே வெளியிட்டார். அரசாங்கமும் டாக்டர்களும் பதில் சொன்னார்கள். யார் சொன்னது, என்ன சொன்னார் என்று எல்லாம் வெளிச்சத்தில் இருந்தது.

பிறகு 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஊசி போட்டவர்களே அந்த முடிவை உலகத்துக்கு வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயில் இருந்து அது காப்பாற்றுகிறது என்பதால் பிறந்தவுடன் இன்றைக்கும் போடுகிறோம். சந்தேகம் வந்தது, சோதித்தார்கள், பாதி சரி பாதி தப்பு என்று தெரிந்தது. சந்தேகத்துக்கு நல்ல வழி அதுதான். பெயர் இல்லாத ஆடியோவில் சோதிப்பதற்கு ஒன்றுமே இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி விஷயத்திலும் ஒரு உண்மையான தப்பு நடந்திருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. ஏழு பிள்ளைகள் இறந்தார்கள் என்று செய்தி வந்து, 2010-ல் நிறுத்தினார்கள். விசாரித்ததில் இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று வரவில்லை. பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, மலேரியா, பூச்சிமருந்து என்று வேறு காரணங்கள். ஆனால் பெற்றோரிடம் கேட்காமல் ஹாஸ்டல் வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதுதான். நானும் ஒரு ஆசிரியை. என் கையெழுத்து எந்தத் தாய் தகப்பன் கையெழுத்துக்கும் ஈடாகாது.

ஆடியோ என்ன செய்கிறது? அந்த நிஜத் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சம்மதம் கேட்காத குற்றத்தைக் கொலைச் சதியாக மாற்றிவிடுகிறது. அதனால் நிஜமாகக் கேட்க வேண்டிய கேள்வி அமுங்கிப் போகிறது.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் விஷயத்திலும் இதுதான். 15-ஆம் தேதி ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லார் முன்னாலும் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஒன்றன் பின் ஒன்று நடந்ததால் ஒன்றால் மற்றது நடந்தது என்று எல்லாரும் சொன்னோம். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது, அப்படிப்பட்ட அடைப்பு இரண்டு நாளில் வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் பிறகு விசாரித்து, ஊசிக்கும் இறப்புக்கும் சம்பந்தம் இல்லை என்றது. அது வருவதற்குள் எத்தனை வயதானவர்கள் ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்தார்கள்.

புதன்கிழமை தம்பி வீட்டுக்கே போனேன். சேலையூரில் இருக்கிறான். மெசேஜில் பேசுவதை நேரில் பேசியிருக்க வேண்டும். போனவுடன், "எல்லார் முன்னாடியும் அப்படி எழுதினது தப்பு" என்றேன். காபி போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

"அக்கா, 2021 மே மாசம் அவளைச் சேர்த்தேன் இல்ல. அஞ்சு நாள். உள்ள விடலை. என்ன மருந்து குடுக்கறீங்கன்னு கேட்டா பதில் இல்லை. ஆறாவது நாள் மூட்டையா கட்டிக் குடுத்தாங்க. முகத்தைக்கூடப் பாக்கலை. என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை. இந்த வீடியோல பேசறவனுங்கதான் சொன்னானுங்க."

அவனுக்கு முதலில் கிடைத்த பதில் 5ஜி டவர். இரண்டாவது அலையே 5ஜி சோதனையால் வந்தது என்று அந்த மே மாதம் வீடியோக்கள் சுற்றின. அப்போது நம் நாட்டில் சோதனைக்கு அனுமதிதான் கொடுத்திருந்தார்கள், சோதனையே தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட்டது. சேவை வந்தது 2022 அக்டோபரில். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லி ஜெயிக்க வேண்டிய இடம் அது இல்லை. அவன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. என் மனைவிக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. காலியாக இருந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். பெரும்பாலும் அவளைப் பற்றித்தான் பேசினோம். கிளம்பும்போது, "அந்த ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் குடுக்கலாமா? நான் கூட வரேன்" என்றேன். யோசிக்கிறேன் என்றான். குரூப்புக்கு இன்னும் திரும்பவில்லை. சொந்தங்கள் யாரும் அவனைக் கிண்டல் செய்யாதீர்கள். போய்ப் பாருங்கள்.

பெருங்களத்தூர்க்காரிக்கு நான் சொன்னது இது. "நான் டாக்டர் இல்லம்மா. நான் சொல்றதையும் அப்படியே எடுத்துக்காத. ஆனா ஒண்ணு யோசி. ஆஸ்திரேலியாவுல 2007-லயே ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பிச்சாங்க. அன்னைக்குப் பன்னெண்டு வயசுன்னா இப்ப முப்பதைத் தாண்டியிருக்கும். குழந்தையே பிறக்காதுன்னா அந்த நாட்டுல இதுக்குள்ள தெரிஞ்சிருக்காதா? நம்ம நாட்டுப் பொம்பளைங்களுக்கு வர்ற புற்றுநோய்ல மார்பகத்துக்கு அடுத்தது இதுதான். உன் டாக்டரோட பேர் உனக்குத் தெரியும், முகம் தெரியும். உன் பயத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போய் அவங்களைக் கேளு. பதில் சொல்லாட்டி வேற டாக்டரைக் கேளு. ஆடியோல பேசுறவனை உன்னால கேக்க முடியாது."

"சரி டீச்சர், கேக்கறேன்" என்றாள். கேட்டாளா, போட்டாளா என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை. முடிவு அவளுடையது.

நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயர் இல்லாத எதையும் நான் அனுப்புவதில்லை. "நாளைக்கு அழிச்சிடுவாங்க", "உடனே அனுப்புங்க" என்று இருந்தால் கட்டாயம் ஒரு இரவு வைத்திருப்பேன். காலையில் பாதிக்கு மேல் சப்பென்று போய்விடும். படித்தவுடன் கையில் நடுக்கமோ கோபமோ வந்தால், யாரோ எனக்கு அதை வரவழைக்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்திலும், தமிழில் செய்தி சரிபார்க்கும் யூடர்ன் போன்ற பக்கங்களிலும் தேடிப் பார்ப்பேன். தப்பாக அனுப்பிவிட்டால், அனுப்பிய எல்லா இடத்திலும் போய்த் தப்பு என்று எழுதுவேன். அதற்கு இரண்டு கட்டைவிரல்தான் வரும். பரவாயில்லை.

பயத்தில் அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நாசா சொன்னதாக ஒரு செய்தி வந்தது, முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டதாக இன்னொன்று. மொட்டை மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்களும் நம்பினோம். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு முதலை வராது என்று நம்புவதுதான் கஷ்டம். ஆனால் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது யார் பேரும் இல்லாத செய்தி இல்லை. படகு கொண்டுவந்த மீனவர்களும், பால் பாக்கெட்டோடு வந்த பக்கத்துத் தெருப் பிள்ளைகளும்தான். அவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள். இதைப் படித்தால் கையைத் தூக்குங்கள்.

கடைசியாக ஒன்று. 2018-ல் அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்ற ஆட்டோக்காரத் தம்பி யார் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. பெட்ஷீட் விற்ற அந்தப் பையனைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். 150 ரூபாயைத் தனியாக ஒரு கவரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பதிவை யாருக்கும் அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏதாவது தப்பு இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்